நாயோடு சிறு படகில் தெற்கு நோக்கி: அட்லாண்டிக் கடலோர நீர்வழிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் துறைமுகத்திலிருந்து ஃபுளோரிடாவின் மயாமி வரை, பெரும்பாலும் திறந்த கடலைத் தொடாமலேயே ஏறத்தாழ 1,090 மைல் தூரம் படகில் செல்ல முடியும். ஆறுகளையும் உப்பங்கழிகளையும் அகன்ற நீர்ப்பரப்புகளையும் வெட்டுக் கால்வாய்களால் இணைத்து அமைத்த இந்த வழிக்கு இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று பெயர். மணிக்கு ஏழெட்டு மைல் வேகத்தில் ஓடும் இருபத்தைந்து அடிப் படகுகூட இதில் நிம்மதியாகப் போகலாம் என்பதால், அனுபவம் குறைந்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஆண்டுதோறும் இதை நாடி வருகிறார்கள். அவர்களில் நாயோடு வருபவர்களும் நிறையப் பேர்.

நாயோடு செல்பவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. நாய் காலையிலும் மாலையிலும் எந்த இடத்தில் கரையிறங்கப் போகிறது என்பதை முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே புறப்படும் நேரம், கடக்கும் தூரம், நங்கூரமிடும் இடம் ஆகிய மூன்றையும் வகுக்க வேண்டும். படகை மட்டும் நினைத்துத் திட்டமிட்டுவிட்டு நாயை அதற்குள் பொருத்தப் பார்ப்பவர்கள் முதல் வாரத்திலேயே தவித்துப் போகிறார்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் ஏனைய எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சார்ந்தவையே.

பருவமும் படகும்

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. தெற்கே குளிர்காலத்தைக் கழிக்கச் செல்லும் படகுகள் பெரும்பாலும் அக்டோபர் நடுப்பகுதியில் நார்ஃபோக்கை விட்டுப் புறப்பட்டு, ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே திரும்புகின்றன. படகுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் எந்தத் தேதிக்கு முன் எந்த அட்சரேகைக்குத் தெற்கே போகக் கூடாது என்ற விதி இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். நாயை முன்னிட்டுப் பார்த்தாலும் அக்டோபரே சிறந்தது என்பது என் கருத்து. வெயில் தணிந்திருக்கும், கொசுவும் கடிக்கும் ஈயும் குறையத் தொடங்கியிருக்கும். கோடை மாதங்களில் நாய்களைத் தடுக்கும் கடற்கரைகளில் பலவும் அதற்குள் திறந்துவிட்டிருக்கும்.

படகைப் பொறுத்தவரை, நீர்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத தளமும், கயிற்றை வீசி இறங்குவதற்குப் பக்கவாட்டில் ஒரு கதவும், நிழல் தரும் கூரையும் இருந்தால் போதும். கேபினுக்குள் இறங்கும் ஏணி செங்குத்தாக இருந்தால் பெரிய நாயால் ஏறி இறங்க முடியாது. அதன்மேல் சாய்வாக வைத்து எடுக்கக்கூடிய பலகை ஒன்றைச் சொரசொரப்பான விரிப்பு ஒட்டித் தயார் செய்துகொள்ளுங்கள். தளத்தைச் சுற்றியுள்ள கம்பிகளின் இடைவெளியில் வலை கட்டுவது சிறிய நாய்களுக்கு அவசியம். கரைக்குப் போய்வர டிங்கி என்னும் சிறு ரப்பர் படகும் வேண்டும். அதன் தரை கெட்டியாக இல்லாவிட்டால் நாய் நிற்கத் தடுமாறி, ஏற மறுக்கத் தொடங்கிவிடும்.

புறப்படுவதற்கு முந்தைய வாரங்கள்

நாய்க்குக் கற்பிக்க வேண்டியவை அதிகமில்லை. ஆனால் அவற்றைக் கரையில் கட்டியிருக்கும் படகிலேயே கற்றுக்கொடுத்து முடித்துவிட வேண்டும். முதல் சில நாள் இயந்திரத்தை இயக்காமல் படகில் உணவு கொடுத்து, உறங்கவைத்து, அது தன் இடம் என்ற எண்ணத்தை உண்டாக்குங்கள். பிறகு இயந்திரத்தை இயக்கி ஒலிக்குப் பழக்குங்கள். அடுத்து ஒரு மணி நேரப் பயணம், அதன்பின் அரைநாள். 'இரு' என்ற சொல்லுக்கு நாய் அசையாமல் நிற்கும் வரை நெடும்பயணத்தை நினைக்க வேண்டாம். படகு துறையை நெருங்கும்போது, இடைவெளி இன்னும் நான்கடி இருக்கையிலேயே பாய்ந்துவிடும் நாய்தான் படகுக்கும் மரத்தூணுக்கும் நடுவே சிக்கி நசுங்குகிறது.

படகிலேயே மலசலம் கழிப்பதற்குப் பழக்குவது எல்லாவற்றையும்விடக் கடினமானது. பொறுமையாகச் செய்தால் பெரும்பாலான நாய்கள் கற்றுக்கொள்கின்றன. இரண்டடிச் சதுரச் செயற்கைப் புல்விரிப்பு ஒன்றை வாங்கி, ஒரு மூலையில் துளையிட்டுக் கயிறு கோத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை உங்கள் வீட்டுத் தோட்டத்தில் நாய் வழக்கமாகச் செல்லும் இடத்தில் விரித்து, ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொல்லி, வேலை முடிந்ததும் தின்பண்டம் கொடுங்கள். விரிப்பில் அதன் வாடை ஏறிய பின்னர், கழுவாமல் படகின் அணியத்துக்கு, அதாவது முன்தளத்துக்கு, மாற்றிவிடுங்கள். நாய் அடக்கிக்கொண்டு மறுத்தாலும் அதட்டக் கூடாது. நன்கு வளர்ந்த ஆரோக்கியமான நாய் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். ஆயினும் நாள்தோறும் அப்படி விட்டால் சிறுநீர்ப் பாதையில் தொற்று வரும் வாய்ப்பு கூடும். விரிப்பு பழகிவிட்டால் கயிற்றைப் பிடித்து நீரில் அலசி எடுப்பது எளிது. மலத்தை மட்டும் பையில் எடுத்துக் கரைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டில் முதுகுப்புறம் கெட்டியான கைப்பிடி இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போதே நாய்க்கு மாட்டி, அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஒரு நிமிடம் தூக்கிப் பாருங்கள். வயிற்றுப் பட்டை விலகி முன்கால்கள் நழுவினால் அந்த அளவு பொருந்தாது. இதனுடன் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றின் தாள் நகலும், கழுத்துப் பட்டையில் கைப்பேசி எண்ணும், மைக்ரோசிப்பும் இருக்கட்டும். கொசுவால் பரவும் இதயப்புழு நோய்க்கு இவ்வழி முழுவதும் இடமுண்டு என்பதால் மாதாந்திரத் தடுப்பு மருந்தை ஒரு முறைகூடத் தவறவிடக் கூடாது. உண்ணிக்கான மருந்தும் அப்படியே.

குடிநீருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி லிட்டர் என்று வைத்தால், இருபது கிலோ நாய்க்கு 1 முதல் 1.2 லிட்டர் வரை வரும். வெயில் நாளில் அது எளிதில் இரட்டிப்பாகும். கால் கழுவவும் உப்பை அலசவும் வேண்டிய நல்ல நீர் தனி.

ஒரு நாளை வகுக்கும் முறை

வட கரோலினாவின் உட்பகுதி நீர்ப்பரப்புகளில் கடல் ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதன், தாக்கம் மிகக் குறைவு. அங்கே நீர்மட்டத்தை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். தெற்கே போகப் போக நிலை மாறுகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 7 முதல் 9 அடி வரை வேறுபாடு இருக்கும். படகோட்டிகள் இதை ஆழத்தின் கணக்காகவே பார்க்கிறார்கள். நாயோடு செல்பவருக்கு அதுவே கரையின் கணக்குமாகிறது.

ஒரு நண்பகலை எண்ணிப் பாருங்கள். ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது கழி ஒன்றில் நங்கூரமிடுகிறீர்கள். டிங்கியில் ஏறிச் சில நிமிடங்களில் கோரைப்புல் விளிம்பை ஒட்டிய சிறு மணல் மேட்டில் நாய் இறங்கி ஓடி மகிழ்கிறது. மறுநாள் விடியலில் அதே இடத்துக்குப் போனால் மணல் மேடு ஏழெட்டு அடி உயரச் சேற்றுச் சரிவின் உச்சியில் நிற்கிறது. அந்தச் சேறு முழங்கால் வரை உள்வாங்கும். அதன் அடியில் சிப்பிகள் கத்தி முனைபோல் நிமிர்ந்திருக்கும். நாயின் உள்ளங்கால் அதில் கிழிந்தால் ஆறுவதற்கு இரண்டு வாரமாவது ஆகும். உப்பு நீரிலும் படகின் ஈரத்திலும் அது இன்னும் தள்ளிப் போகும்.

ஆகவே ஓத அட்டவணையை நங்கூரமிடும் வேளைக்கு மட்டுமன்றி மறுநாள் காலை நாயை இறக்கும் வேளைக்கும் பார்க்க வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது; உச்ச நேரம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகிறது. இன்று காலை 7 மணிக்கு நீர் நிறைந்திருந்தால் ஒரு வாரம் கழித்து அதே 7 மணிக்கு நீர் வற்றியிருக்கும். காலையில் நீர் நிறைந்திருக்கும் வாரத்தில் கழிகளில் தங்குங்கள். காலையில் வற்றும் வாரத்தில், மிதக்கும் துறைமேடை உள்ள படகுத்துறைகளுக்குப் பணம் கொடுத்துத் தங்குவதே நல்லது. மிதக்கும் மேடை நீரோடு ஏறி இறங்குவதால் படகுத் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். தூண்களில் நிலையாக அமைத்த மேடையோ வற்றத்தின்போது தலைக்கு மேலே நிற்கும். முப்பது கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு பாசி படிந்த ஏணியில் ஏறுவது ஒருவரால் ஆகாது.

இதே நேரத்தில் படகுக்கும் ஓதம் வேண்டும். நார்ஃபோக்கிலிருந்து ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அதற்குத் தெற்கே மயாமி வரை 10 அடி என்பது அதிகாரப்பூர்வமாக வகுத்த ஆழமாக இருந்தாலும், முகத்துவாரங்களை ஒட்டி மணல் சேர்ந்து பல இடங்களில் அது மிகவும் குறைந்துவிடுகிறது. ஜார்ஜியாவில் ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர் ஆகிய இரண்டு இடங்களையும் நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது பாதி ஏற்றத்துக்குப் பின் கடக்க வேண்டும். ஏறும் நீரில் தட்டினால் சற்று நேரத்தில் படகு தானே மிதக்கும். இறங்கும் நீரில் தட்டினால் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ சாய்ந்தே கிடக்க நேரிடும். சாய்ந்த தளத்தில் நாய் நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் பதறும். படகின் ஓத நேரமும் நாயின் கரை நேரமும் ஒத்துவராத நாளில் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவிடுங்கள். இழுவைப் படகு உதவிக்கான ஆண்டுச் சந்தா கட்டாமல் இந்த வழியில் யாரும் போகக் கூடாது என்றும் சொல்வேன்.

கரையிறங்கும்போது ஒழுங்கு முக்கியம். இயந்திரத்தை நிறுத்தி, சுழலியை நீரிலிருந்து மேலே தூக்கி, மனிதர் முதலில் இறங்கி டிங்கியைப் பிடித்துக்கொண்ட பிறகே நாய் இறங்க வேண்டும்.

முதல் நான்கு நாட்கள்

புதியவர்களுக்கு நார்ஃபோக்கிலிருந்து டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் வழியாக எலிசபெத் சிட்டி வரை செல்லும் ஐம்பது மைலைத்தான் பரிந்துரைப்பேன். 1805ஆம் ஆண்டு திறந்து இன்றும் இயங்கிவரும் பழமையான கால்வாய் இது. இருபுறமும் மரங்கள் நெருங்கி நிற்க, அலையே இல்லாத, தேநீர் நிறத்து நீரில் 22 மைல் நேராகப் போகிறது. ஆழம் ஆறடி அளவே என்பதாலும், மூழ்கிய மரக்கட்டைகள் அவ்வப்போது அடியில் தட்டும் என்பதாலும் மெதுவாகவே செல்ல வேண்டும். அந்த மெதுவான வேகம் நாய்க்குப் பொருத்தமானது.

நீர்வழியின் மைல் கணக்கு நார்ஃபோக்கில் எலிசபெத் ஆற்றில் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. கடல் மைல் அல்லாமல் நில மைலிலேயே எண்ணுவார்கள். கடற்படைக் கப்பல்கள் நிற்கும் இடம் அது. அவற்றிலிருந்து 500 கஜத்துக்குள் வந்தால் மிகக் குறைந்த வேகத்தில் செல்ல வேண்டும். 100 கஜத்துக்குள் நெருங்கவே கூடாது. தெற்கே செல்லும்போது சிவப்பு அடையாளங்கள் வலப்புறமும் பச்சை அடையாளங்கள் இடப்புறமும் வரும். வேறொரு ஆற்றின் வழி குறுக்கிட்டு நிறங்கள் குழப்பும் இடங்களில், அடையாளத்தின் மேலுள்ள சிறிய மஞ்சள் முக்கோணத்தை வலப்புறமும் மஞ்சள் சதுரத்தை இடப்புறமும் வைத்துச் சென்றால் வழி தவறாது.

முதல் நாள் பதினோரு மைல் அளவில் டீப் கிரீக் லாக் வரும். படகை உள்ளே விட்டுக் கதவடைத்து நீரை நிரப்பி எட்டடி அளவு உயர்த்தும் அமைப்பு அது. நாளில் குறித்த சில வேளைகளில் மட்டுமே திறப்பார்கள். வி.எச்.எஃப். வானொலியில் 13ஆம் அலைவரிசையில் அழைத்துக் கேட்கலாம். அணியத்துக் கயிறு, அமரத்துக் (பின்தளத்துக்) கயிறு இரண்டையும் தூணில் சுற்றிக் கையில் பிடித்தபடி நீர் உயர உயர இழுத்துக்கொண்டே வர வேண்டும், கட்டிவிடக் கூடாது. இரண்டு கைகளும் இதற்கே வேண்டியிருப்பதால் நாயைக் கேபினுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். லாக் திறக்கக் காத்திருக்கும் நேரம் வீணாகாமலிருக்க, அதற்கு முன்பே நாயைக் கரையிறக்கி முடித்திருக்க வேண்டும்.

வட கரோலினா எல்லைக்குள் 28ஆவது மைலில் பயணியர் வரவேற்பு மையத்தின் துறைமேடை இருக்கிறது. படகைக் கட்டிவிட்டுக் கால்வாயை ஒட்டிய பாதையில் நாயை நெடுந்தூரம் நடத்திச் செல்லலாம். கரடிகள் உலவும் காடு என்பதால் வாரை அவிழ்க்கக் கூடாது. முதல் இரவை இங்கே கழிப்பதில் இன்னொரு பயனும் உண்டு: நங்கூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நாயின் உறக்கத்தையும் உணவையும் கவனிக்கலாம். மறுநாள் சவுத் மில்ஸ் லாக்கில் இறங்கி, வளைந்து வளைந்து செல்லும் பாஸ்குவோடாங்க் ஆற்றின் வழியே எலிசபெத் சிட்டியை அடையலாம். சிறு படகுகளை அன்போடு வரவேற்கும் ஊர் அது.

அதற்கப்பால் இருப்பது அல்பமார்ல் சவுண்ட் என்ற நீர்ப்பரப்பு. அகலமானது, ஆழமற்றது, பதினைந்து மைல் வேகக் காற்றுக்கே குட்டையான, செங்குத்தான அலைகள் எழுந்து சிறு படகை உலுக்கும். நாய்க்குக் குமட்டல் தொடங்குவதை வாயில் எச்சில் வழிவதிலும், ஓயாமல் உதட்டை நக்குவதிலும், கொட்டாவி விடுவதிலும் காணலாம். கடப்பதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் உணவை நிறுத்துங்கள். குமட்டலுக்கான மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மனிதருக்கான மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்க வேண்டாம். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் எலிசபெத் சிட்டியிலேயே காற்று தணியக் காத்திருந்தாலும் தவறில்லை. முதல் பயணம் அங்கேயே முடிந்து திரும்பினாலும் அது முழுமையான பயணம்தான்.

தெற்கே செல்லும்போது

வட கரோலினாவில் 244ஆவது மைலில் உள்ள மைல் ஹாமக் பே, காற்றுக்கு நல்ல மறைவிடம் என்பதால் படகுகள் கூட்டமாக நங்கூரமிடும் இடம். ஆனால் சுற்றியுள்ள நிலம் கேம்ப் லஜூன் ராணுவத் தளத்துக்கு உரியது; அங்கே கரையிறங்க அனுமதி இல்லை. அத்தளத்தில் துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடக்கும் வேளைகளில் நீர்வழியையே மூடிவிடுவதால் பல மணி நேரம் காத்திருக்கவும் நேரலாம். புல்விரிப்பு பழகாத நாயோடு செல்பவர் முந்தைய ஊரான ஸ்வான்ஸ்போரோவில் நாயை நன்றாக நடத்திவிட்டு, ஒரே மூச்சில் 283ஆவது மைலில் உள்ள ரைட்ஸ்வில் பீச் வரை செல்லும்படி நாளை அமைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 50 மைலுக்கு மேல் இருப்பதால் விடியலிலேயே கிளம்ப வேண்டியிருக்கும்.

தென் கரோலினாவிலிருந்து, திறந்து வழிவிடும் பாலங்களை வானொலியில் 9ஆம் அலைவரிசையில் அழைக்க வேண்டும். வக்கமா ஆற்றில் உப்பு இல்லை. நீரிலேயே வேரூன்றி நிற்கும் சைப்ரஸ் மரங்களிடையே நங்கூரமிடுவது மிக இனிமையானது. அங்கே முதலைகள் உண்டு. அவற்றின் எல்லை வடக்கே அல்பமார்ல் சவுண்ட் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது என்றாலும் இங்கிருந்து தெற்கே அவை மிகுதி. நன்னீர்க் கரையில் நாயை நீந்தவிடாதீர்கள், விடியலிலும் அந்தியிலும் நீர் விளிம்பில் நடத்தாதீர்கள்.

ஜார்ஜியாவின் தென்கோடியில் உள்ள கம்பர்லேண்ட் தீவை நாயோடு செல்பவர்கள் தவறவிடக் கூடாது. அங்கே செல்லும் பயணிகள் படகில் நாய்களை ஏற்றுவதில்லை. சொந்தப் படகில் வருபவர்களே கொண்டு செல்ல முடியும். ஆறடிக்கு மிகாத வாரில் கட்டி, ஓக் மரங்களின் நிழலில் தீவைக் கடந்து மறுபக்கத்துக் கடற்கரை வரை நடக்கலாம். கட்டற்றுத் திரியும் குதிரைகளைக் கண்டால் மட்டும் நன்கு விலகி நில்லுங்கள்.

ஃபுளோரிடாவில் கடற்பசுக்களைக் காக்க வேகம் குறைத்த பகுதிகள் நிறைய உண்டு. நாளின் தூரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். நச்சுத் தேரைகளும், தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் சாகோ பனையும் நாயின் உயிரைப் பறிக்கக்கூடியவை. நீரில் பச்சை வண்ணத்தைக் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி மிதந்தால் நாயை அதன் அருகிலும் விடக் கூடாது. ஸ்டூவர்ட் நகரை ஒட்டிய செயின்ட் லூசி கழியில் 2016, 2018 ஆண்டுகளில் அது பெருமளவு பரவியது.

எப்போதும் நினைவில் இருக்க வேண்டியவை

கடல்நீரை நாய் குடிக்கவிடக் கூடாது. பந்தைத் துரத்தி நீரிலிருந்து கவ்வி வரும் விளையாட்டிலேயே நிறைய உப்பு உள்ளே போய்விடும். வாந்தி, கழிச்சல், நடுக்கம் தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெப்பத்தால் தாக்குண்ட நாய்க்கு வேகமாக மூச்சிரைக்கும், எச்சில் கெட்டிப்படும், ஈறு கருஞ்சிவப்பாகும், நடை தள்ளாடும். நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பின்தளத்தின் தாழ்ந்த மூலையில் இயந்திரப் புகை தேங்கும் என்பதால் அங்கே நாயைப் படுக்கவிடாதீர்கள்.

நாய் நீரில் விழுந்தால் முதலில் சுழலியை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல் கையால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும்; நீங்களும் பின்னால் குதிக்கக் கூடாது. மெல்லத் திரும்பி, கடைசிச் சில அடிகளில் இயந்திரத்தை முற்றாக நிறுத்தி, கொக்கிக் கழியால் லைஃப் ஜாக்கெட்டின் கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் தூக்குங்கள். முதல் பயணத்துக்கு முன்பே, அமைதியான நீரில், ஜாக்கெட் அணிந்த நாயோடு இதை ஒத்திகை பாருங்கள். தனியாகச் செல்பவர் தூக்குவதற்கு ஒரு கப்பியும் கயிறும் பொருத்திவைக்க வேண்டும்.

ஒவ்வொரு மாலையும் அன்று தங்கும் ஊருக்கு அருகில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும், படகுத்துறையிலிருந்து அங்கே செல்ல நாயை ஏற்றிக்கொள்ளும் வாடகைக் காரின் எண்ணையும் தாளில் எழுதி, சுக்கானுக்கு மேலே ஒட்டிவையுங்கள். சதுப்பு நிலங்களின் நடுவே கைப்பேசிச் சமிக்ஞை பல மைல் தூரம் கிடைக்காது; தேடுவதற்கு அப்போது வழியிருக்காது.